அணைந்தபெருமாள் வைஃபையில் சேர்ந்த கதை

அம்பாசமுத்திரத்தில் ஆறு ஓடுகிற மாதிரி, கோயிலில் மணி அடிக்கிற மாதிரி, மேலப்புதுத் தெருவில் அணைந்தபெருமாள் அண்ணாச்சி பேசிக்கொண்டிருந்தார், அதைத் தெருக்காரர்கள் யாரும் குறையாகச் சொன்னதில்லை, கேட்டதுமில்லை. மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர், அந்தக் காலத்தில் கம்பத்தின் உச்சியில் நின்றுகொண்டே கீழே ஏணி பிடிப்பவனுக்குக் கதை சொன்னவர், இப்போது பல் தேய்க்கும்போது நுரையோடு பேசுவார், துப்பிவிட்டு விட்ட இடத்திலிருந்து பேசுவார், தூங்கும்போது மட்டும் பேசமாட்டார், ஆனால் தூங்கப்போகும்போது தொடங்கிய வாக்கியத்தைக் காலையில் கண் திறந்ததும் முடிப்பார்.

அவர் மனைவி சங்கரவடிவு கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு வாக்கியத்தையும் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை. "இன்னைக்குக் குழம்புக்கு" என்று அவள் ஆரம்பித்தால் போதும், கல்லிடைக்குறிச்சிக் கல்யாண வீட்டில் குழம்பு அண்டாவுக்குள் சம்பந்தியின் மூக்குக்கண்ணாடி விழுந்த கதைக்கு அவர் போய்விடுவார், அந்தக் கண்ணாடி கிடைப்பதற்குள் அவள் ஏதோ ஒரு குழம்பை வைத்து இறக்கியிருப்பாள்.

அவர்களுடைய ஒரே மகள் ஆவுடைச்செல்வி ஹைதராபாத்தில் வேலை பார்த்தாள். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்று கேள்விப்பட்டு, கையில் கட்டினால் நாடித்துடிப்பையும் நடையையும் தூக்கத்தையும் கணக்கெடுத்துத் தன் ஃபோனுக்குச் சொல்லிவிடும் ஸ்மார்ட் வாட்ச் ஒன்றை வாங்கி அனுப்பி வைத்தாள். அது வந்து சேர்ந்த அன்று காலை, இட்லி தின்ற கையைக் கழுவிய ஈரத்தோடு அவர் அதைக் கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். மகள் ஃபோனில் இருந்தாள்.

"அப்பா, செட்டிங்ஸ்குள்ள போங்க. வைஃபைன்னு இருக்கும். அத அமுக்குனா நம்ம வீட்டுப் பேரு வரும். பேருக்குப் பின்னால அஞ்சுன்னு போட்டது ஒண்ணு நம்ம ரூட்டர்ல உண்டு, அது வாட்ச்சுக்கு ஆகாது. சும்மா இருக்கறதத் தொடுங்க."

"சும்மா இருக்கறதுன்னதும்தான் ஞாபகம் வருது கேட்டியா, பாபநாசம் சப்-ஸ்டேஷன்ல சும்மா இருக்கறதுக்குன்னே ஒருத்தன்..."

"அப்பா, பாஸ்வேர்டு!"

பாஸ்வேர்டு என்பது கேபிள்காரர் வைத்துவிட்டுப் போன தெருப்பெயரும் வீட்டு எண்ணும். ஆனால் வாட்ச்சுக்குள் எழுத்துகள் கடுகு கடுகாக இருந்தன, ஆண்டுக்கணக்கில் குறடு பிடித்துப் பருத்த அண்ணாச்சியின் விரலோ ஒரே அமுக்கில் மூன்று எழுத்துகளை நசுக்கியது. கடைசியில் வடிவு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் கையை இழுத்துத் தன் மடியில் வைத்து, சுண்டுவிரல் நகத்தால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டாள். அத்தனை நேரம் அவர் கையை அவள் பிடித்திருந்தது அதற்கு முன்பு கல்யாணத்தன்றுதான், அன்றும் அவர் புரோகிதரிடம் பேசிக்கொண்டிருந்தார். வாட்ச் ஒருமுறை அதிர்ந்தது. பச்சையாக ஒரு சரி வந்தது. அண்ணாச்சி, தலையில் பச்சைத்தண்ணீர் விழுந்ததுபோல் உச்சி முதல் பாதம்வரை ஒருமுறை சிலிர்த்து, "...அவன் பேரு சங்குமணி" என்று தொடர்ந்தார்.

வாட்ச் வைஃபையில் சேர்ந்தது. கூடவே அவரும் சேர்ந்துவிட்டார். அது எப்படி என்று பின்னால் பலரும் கேட்டார்கள், யாருக்கும் தெரியவில்லை, கொஞ்ச நாளில் கேட்பதையும் விட்டுவிட்டார்கள்.

அன்று முற்பகலில் அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் குமாரசாமி சாரோடு தெருமுனையிலிருக்கும் சுடலைமுத்துவின் டீக்கடைக்குக் கிளம்பினார். வீட்டைத் தாண்டி, பக்கத்து வீட்டைத் தாண்டி, முனிசிபாலிட்டிக் குழாயடிக்கு வந்தபோது அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "அப்ப அந்தப் பெரிய இன்ஜினியர் என்னப் பாத்து என்ன சொன்னாருன்னு நெனைக்கீரு? அவரு சொன்னாரு..."

அதோடு நின்றார். தூக்கிய விரல் தூக்கியபடி, முன்வைத்த கால் வைத்தபடி, வாய் அடுத்த சொல்லுக்குத் திறந்தபடி, கண்கள் எதிரே இருப்பவரை மிகுந்த அக்கறையோடு பார்த்தபடி. குமாரசாமி சார் காத்திருந்தார். குழாயடியில் நின்ற பெண்கள் குடம் நிறைந்து வழிவதை மறந்து காத்திருந்தார்கள். அந்தத் தெருவின் சரித்திரத்தில் முதல் தடவையாக, அண்ணாச்சியின் கதையில் அடுத்து என்ன என்று நாலு பேருக்கு ஆவல் உண்டானது.

பிறகு நாடி பார்த்தார்கள், நாடி இருந்தது. மூக்கில் கை வைத்தார்கள், மூச்சு இருந்தது. "என்ன கனம் கனக்காரு" என்று குமாரசாமி சார் முனக, சப்பரத்தில் சாமியைக் கொண்டுபோவதுபோல நான்கு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினார்கள். வாசல் கேட்டுக்குள் அவர் தலை நுழைந்ததுதான் தாமதம், "'யோவ் பெருமாளு, நீ இல்லன்னா இந்த ஊர்ல லைட்டே எரியாதுய்யா'ன்னாரு" என்று முடித்துவிட்டு, "என்னத்துக்குவே என்னத் தூக்கிட்டுப் போறீங்க?" என்று கேட்டார்.

டாக்டர் ஜெசிந்தா வீட்டுக்கே வந்து அவரைக் குழாயடிக்கும் வாசலுக்கும் நடக்கவைத்துப் பார்த்தார், குழாயடியில் அண்ணாச்சி நின்றார், வாசலில் பேசினார், டாக்டர் கழுத்துக் குழாயைச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டு, இதயத்துக்கு ஒன்றுமில்லை, சிக்னல்தான் எட்டவில்லை என்றார். வாட்ச்சைக் கழற்றினால் அவர் வீட்டுக்குள்ளேயே நின்றார், கட்டினால் பேசினார். ஃபோனில் மகள் சொன்னபடி தேடியதில் 'இந்த நெட்வொர்க்கை மறந்துவிடவா?' என்று வாட்ச் கேட்டது. வடிவு பதறிப்போய்க் கையை எடுத்தாள், வாட்ச் எதை மறக்குமோ, அதோடு சேர்ந்து அவர் எதையெதை மறப்பாரோ, யார் கண்டது? அதை அமுக்க அந்த வீட்டில் யாருக்கும் துணிவில்லை. டாக்டர் சீட்டில் 'வெளியே போகும்போது ஹாட்ஸ்பாட்' என்று எழுதிக் கொடுத்தார்.

"சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியா?" என்று வடிவு கேட்டாள்.

ஹாட்ஸ்பாட்டுக்கு வழி சொன்னது ஆவுடைச்செல்விதான். கூடப்போகிறவர் தன் ஃபோனின் ஹாட்ஸ்பாட்டுக்கு வீட்டு வைஃபையின் பெயரையே வைத்து, அதே பாஸ்வேர்டையும் போட்டுவிட்டால், வாட்ச் அதையும் வீடு என்றே நினைத்துக்கொள்ளும். அதன்படி முதலில் வடிவின் ஃபோனுக்கு அந்தப் பெயர் வைத்தார்கள், பிறகு குமாரசாமி சார், பிறகு சுடலைமுத்து, பிறகு பக்கத்து வீட்டுப் பிரமாச்சி அக்கா, இப்படி ஒரு வாரத்துக்குள் தெருவிலிருந்த எல்லா ஃபோனுக்கும் அண்ணாச்சி வீட்டுப் பெயர் வந்துவிட்டது. அவர் ஒவ்வொருவர் ஃபோனாக மாறி மாறி, தெரு முழுக்க வீடாக நடந்து டீக்கடைக்குப் போய்வந்தார். ஊருக்கு அது பழகிப்போயிற்று. வெளியூர்க்காரர்கள் யாராவது நடுத்தெருவில் நிற்கும் அண்ணாச்சியைச் சிலை என்று நினைத்துக் கும்பிட்டால், "கும்பிடாதீங்க, ஃபோன்ல சார்ஜ் இருந்தா குடுங்க" என்று தெருக்காரர்கள் சொன்னார்கள்.

டீக்கடையில் வேறொன்றும் பழகிப்போயிற்று. கதை நீளும்போது சுடலைமுத்து டீ ஆற்றுகிற கையை நிறுத்தாமல் இன்னொரு கையால் ஃபோனைத் தட்டுவான், அண்ணாச்சி நிற்பார், மற்றவர்கள் செய்தித்தாள் படிப்பார்கள், அரசியல் பேசுவார்கள், வடை தீர்ந்ததும் மறுபடி தட்டுவான், அண்ணாச்சி தொடர்வார். "ஆளு பேர்லயே இருக்கு பாத்தீங்களா? அணைந்த பெருமாள்" என்று சொல்லிச் சிரித்தார்கள். அண்ணாச்சியோ, தன் டீ மட்டும் எப்போதும் ஆறிப்போயிருப்பதைப் பற்றி ஒருமுறை ஆச்சரியப்பட்டார், அதை வைத்து ஒரு கதையும் சொன்னார்.

இப்படி இருக்கையில் ஒருநாள் மத்தியானம் கரண்ட் போயிற்று. மின்வாரியத்துக்காரன் வீட்டில் இன்வெர்ட்டர் வைப்பது உத்தியோகத்துக்கே இழுக்கு என்று அண்ணாச்சி அதை வாங்கவில்லை. ஆகவே ரூட்டர் அணைந்தது, மோர்சோற்றுக் கவளத்தைப் பாதிவழியில் பிடித்தபடி அவரும் நின்றார். வடிவு ஃபோனை எடுத்து ஹாட்ஸ்பாட்டைத் தட்டப்போனவள், தட்டாமல் நின்றாள்.

வீட்டில் சத்தமே இல்லை. சத்தம் இல்லாததை அவள் அந்த வீட்டில் அதுவரை கேட்டதில்லை. கொல்லையில் குழாய் சொட்டுவது கேட்டது. சுவர்க்கடிகாரம் ஓடுவது கேட்டது, அது ஓடுகிற கடிகாரம் என்பதே அப்போதுதான் தெரிந்தது. வடிவு அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, யாரோ கேட்டுவிடப்போகிறார்கள் என்பதுபோலச் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"எனக்குக் கத்திரிக்காய் பிடிக்காதுங்க."

அவர் கவளத்தோடு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணமாகி வந்த மறுநாளே சொல்ல வந்தேன். கத்திரிக்காய்னதும் நீங்க உங்க அத்த வீட்டுத் தோட்டத்துல பாம்பு புகுந்ததச் சொல்ல ஆரம்பிச்சீங்க. பாம்பு போறதுக்குள்ள கொழம்பு கொதிச்சிட்டு. அதுலருந்து தின்னுக்கிட்டு இருக்கேன்."

ஒரு வாக்கியம் முழுதாக முடிந்து, அதன் பின்னால் இன்னொன்றும் முடிந்ததில் அவளுக்குத் தலை லேசாகச் சுற்றியது. மறுநாள் மத்தியானம் கரண்ட் போகவில்லை. அவளே எழுந்துபோய் ரூட்டர் சுவிட்சை அணைத்தாள்.

அதன்பிறகு தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் அவர் நின்றார், அவள் பேசினாள், கத்திரிக்காயில் தொடங்கி, தங்கச்சி வீட்டு வளைகாப்பில் தன்னைப் பேசவிடாமல் பண்ணியதையும், வாசலில் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும் தபால்காரரைத் தனக்குப் பிடிக்காது என்பதையும், சின்ன வயதில் தான் மரம் ஏறியதையும், அவர் சொல்கிற கதைகளில் யானைக் கதை மட்டும் நல்ல கதை என்பதையும் சொன்னாள்.

பக்கத்து வீட்டுப் பிரமாச்சி அக்கா ஒருநாள் உறைமோர் கேட்டு வந்தவள் ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டாள். அவள் கேலி செய்யவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்து, "வடிவு, நான் ஒரு அஞ்சு நிமிஷம் சொல்லிக்கிடட்டுமா?" என்று கேட்டாள்.

வடிவு அடுக்களைக்குள் போய்விட்டாள். பிரமாச்சி அக்கா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அண்ணாச்சிக்கு எதிரே உட்கார்ந்து, மருமகள் வைக்கிற குழம்பில் அவள் பார்க்காதபோது உப்பை அள்ளிப் போடுவது தான்தான் என்று சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள், அழுதுவிட்டு உறைமோரை மறந்துவிட்டுப் போனாள். முகம் கழுவினது போல் இருந்தது அவளுக்கு. மறுநாள் அவள் மருமகள் தமயந்தி தானாகவே வந்தாள், அத்தை உப்புப் போடுவது தனக்குத் தெரியும் என்றும், அதனால்தான் தான் உப்பே போடாமல் குழம்பு வைப்பதாகவும், அத்தை போடும் அளவு ரொம்பச் சரியாக இருப்பதாகவும் அண்ணாச்சியிடம் சொன்னாள்.

அப்புறம் தெருவே வர ஆரம்பித்தது. அவரைப்போல் கேட்பவர் அந்த ஊரில் இல்லை. அவர் கொட்டாவி விடவில்லை, ஃபோனைப் பார்க்கவில்லை, "எனக்கும் இப்படித்தான்" என்று தன் கதைக்குப் போகவில்லை, தூக்கிய விரலும் திறந்த வாயுமாக, நீ சொல்வதில்தான் என் உயிர் இருக்கிறது என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். சுடலைமுத்து வந்து, மச்சினனைக் கண்டால் தனக்குப் பயம் என்றும், அவன் வருகிற நாளில் பால் வரவில்லை என்று பொய் சொல்லிக் கடையை அடைத்துவிடுவதாகவும் சொன்னான். தெருவில் எல்லார் வீட்டுக் கல்யாணத்துக்கும் நாள் பார்த்துக் கொடுக்கிற குமாரசாமி சார் வந்து, எனக்குப் பஞ்சாங்கம் பார்க்கவே தெரியாது, மண்டபம் காலியாக இருக்கிற நாளைத்தான் நல்ல நாள் என்று சொல்லிவிடுவேன் என்றார். எல்லோரும் லேசாகித் திரும்பிப் போனார்கள். மேலப்புதுத் தெருவில் சண்டைகள் குறைந்தன. பலருக்கு ரத்த அழுத்தமும் குறைந்ததாக டாக்டர் ஜெசிந்தா சொன்னார், காரணம் தெரியாமல் அவரும் ஒருநாள் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

பங்குனி பிறந்த பிறகு ஒருநாள் காலை, வடிவின் ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போன அண்ணாச்சி பையோடு திரும்பி வந்தார். "அவரைக்காய் வாங்கினேன், பூசணி ஒரு கீத்து. கத்திரிக்காய் நல்ல பிஞ்சா கெடந்துது, வாங்கல, உனக்குத்தான் புடிக்காதுல்லா. அந்தக் காய்க்காரன் இருக்கானே, அவங்க அப்பன் ஒரு காலத்துல..." என்று பேசிக்கொண்டே சட்டையைக் கழற்றினார்.

வடிவு பையோடு நின்றாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள். முதலில் தான் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து முகம் சூடேறியது. அதன்பிறகு தெருக்காரர்கள் சொன்னது ஞாபகம் வந்து பையைப் போட்டுவிட்டு எழுந்தாள். அவர் காய்க்காரனின் தாத்தாவுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் வேலிப்பக்கம் போய்ப் பிரமாச்சி அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, அவருக்குக் கேக்குது."

"என்னது கேக்குது?"

"நிக்கும்போது. எல்லாம் கேக்குது."

பிரமாச்சி அக்காவின் கையிலிருந்த உப்பு ஜாடி கீழே விழுந்தது. அரிசி வேகுகிற நேரத்தில் தெரு முழுவதற்கும் தெரிந்துவிட்டது, ஊரிலேயே அதிகம் பேசுகிற வாய்க்குள் ஊரின் ரகசியம் மொத்தமும் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று. அன்று மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மின்தடை என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். சொன்னபடி கரண்ட் போயிற்று. சட்டைப்பையிலிருந்த ஃபோனும் சார்ஜ் தீர்ந்து கண்ணை மூடியது. காப்பியில் சீனியைக் கலக்கிக்கொண்டிருந்த அண்ணாச்சி, கரண்டியும் கையுமாக நின்றார். அவர் நின்ற செய்தி கிடைத்ததும் தெரு அந்த வீட்டுக்குள் வந்தது.

"மதினி, ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கக் கூடாது" என்று சுடலைமுத்து ஆரம்பித்தான். "அண்ணாச்சி இப்படியே இருக்கட்டுமே. ஒரு கொறையும் வராது. நாங்க மாத்தி மாத்தி வந்து தூசி தட்டுதோம்."

"நூலகத்துல வாசிப்பறை காலியாத்தான் இருக்கு" என்றார் குமாரசாமி சார். "காத்தோட்டமான இடம்."

"பாஸ்வேர்ட மாத்திருவமா?" என்றாள் பிரமாச்சி அக்கா. "ஆவுடைகிட்டக் கேட்டா சொல்லமாட்டாளா?"

"அத்தை, மெதுவா" என்று தமயந்தி அவள் கையைப் பிடித்தாள். "அவருக்குக் கேக்கும்."

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி கரண்டியோடு, மிகுந்த அக்கறையோடு, அவர்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார். சுடலைமுத்து மெல்லப் பின்னால் நகர்ந்து குமாரசாமி சாருக்கு மறைவில் நின்றான்.

 அவர்கள் கேட்டதை வடிவும் மனசுக்குள் கேட்டுப் பார்த்திருந்தாள். ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். மத்தியானம் கிடைக்கிற அந்த ஒரு மணி நேரம் நாள் முழுக்கக் கிடைக்கும், வருஷம் முழுக்கக் கிடைக்கும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் அவளுக்குப் பலகாரம் மாதிரி இருந்தது, மூன்று வேளையும் பலகாரத்தையே தின்றுகொண்டு எப்படி இருப்பது? அதுவும் போக, அவர் மார்க்கெட்டில் கத்திரிக்காய்க் கூடைக்கு முன்னால் நின்று, எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்துவிட்டு வந்திருக்கிறார். அதை அவள் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னத அவரு வெளிய சொல்லிருவாரோன்னு பயப்படுதீங்க" என்றாள் கடைசியில். "உங்க எல்லாரும் சொன்னதச் சேத்தாலும் நான் சொன்னதுல பாதி இருக்காது. அதுல பாதி அவரப் பத்தித்தான். எனக்கு மட்டும் பயமில்லன்னா நெனைக்கீங்க? என் புருஷனுக்குத் தூசி தட்ட நான் யாரையும் விடமாட்டேன். இருக்கறவங்க இருங்க, போறவங்க போங்க."

யாரும் போகவில்லை. போனால், தான் இல்லாத நேரத்தில் தன் கதை வெளிவந்துவிடும் என்று எல்லோருக்கும் பயம். அப்படியே நின்றார்கள். பராமரிப்பு முடிந்து தெருவில் எங்கோ ஒரு மிக்சி அலறியது, கூடத்துக் காற்றாடி முனகித் திரும்பியது, ரூட்டரில் விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் சிமிட்டி எரிந்தன. அண்ணாச்சியின் கரண்டி காப்பியை இன்னொரு சுற்றுச் சுற்றியது. அவர் ஒரு வாய் குடித்தார். நிமிர்ந்து, பிரமாச்சி அக்காவைப் பார்த்தார். தமயந்தியைப் பார்த்தார். குமாரசாமி சாரையும், அவர் தோளுக்குப் பின்னால் தெரிந்த சுடலைமுத்துவின் காதையும் பார்த்தார். 

"என்ன, ஊரே வந்திருக்கு?" என்றார். "உக்காருங்க, உக்காருங்க. நல்ல நேரத்துக்குத்தான் வந்தீங்க. காரையார் லைன் இழுக்கும்போது ஒத்தை யானை ஒண்ணு கம்பத்தக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்ன கதையச் சொல்லட்டுமா?"

உட்கார்ந்தார்கள். எல்லோரும் தரையில் உட்கார்ந்து, அந்தக் கதையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை கேட்டார்கள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள், வேண்டாத இடத்திலும் சிரித்தார்கள், யானை காட்டுக்குள் திரும்பிப்போனபோது சுடலைமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். யாரும் குறுக்கிடவில்லை, யாரும் எழுந்து போகவில்லை, யாரும் ஃபோனைத் தட்டவில்லை. கதை முடிந்ததும் அண்ணாச்சி திகைத்துப்போனார். அதுவரை எந்தக் கதையின் முடிவுக்கும் அவரோடு யாரும் கூட வந்ததில்லை, ஆகவே ஒரு கதை முடிந்த பிறகு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. "முடிஞ்சிட்டு" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

அவர் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அதற்கடுத்த வாரமும் சொல்லவில்லை. பேச்சு வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அதற்குள் உப்பும் வரவில்லை, மச்சினனும் வரவில்லை, பஞ்சாங்கமும் வரவில்லை. பிரமாச்சி அக்கா வீட்டில் ஒருநாள் சாப்பிட்டபோது, "குழம்புல உப்பு அளந்து போட்ட மாதிரி இருக்கு" என்று மட்டும் சொன்னார், மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு மூலையில் தரையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சித்திரை வெயில் ஏறிய ஒரு மத்தியானம், சாப்பிட்ட இலையை எடுத்துப் போட்டுவிட்டு வந்து வடிவு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அந்த விஷயம் தெரிந்ததிலிருந்து அவள் ரூட்டரை அணைக்கவில்லை. அவராகவும் எதுவும் கேட்கவில்லை.

"எப்பயிருந்து கேக்குது?" என்றாள்.

அவர் ஒரு கதைக்காக வாயைத் திறந்து, மூடினார். "முதல் நாளே. என்னத் தூக்கிட்டு வரும்போது, கனம் கனக்காருன்னு குமாரசாமி சாரு சொன்னாருல்லா, அதுலருந்து."

"ஊர்க்காரங்க சொன்னதையெல்லாம் எப்படி வாய்க்குள்ள வச்சிருக்கீங்க?"

"அது அவங்க கதைல்லா. எனக்கு என் கதையச் சொல்லவே நேரம் பத்தல."

"அப்ப எங்கிட்ட ஏன் சொல்லல, கேக்குதுன்னு?"

அண்ணாச்சி கையிலிருந்த வாட்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் அவருடைய நாடித்துடிப்பு ஏறிக்கொண்டிருந்தது, ஹைதராபாத்தில் மகளின் ஃபோனிலும் அது ஏறியிருக்கும்.

"சொன்னா நீ நிப்பாட்டிருவியே" என்றார்.

வடிவு தரையில் சிந்தியிருந்த பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு நீ சொல்லி. கொஞ்ச நேரம் அத அணைச்சு வையேன்."

"மாட்டேன்" என்றாள் வடிவு. "அணைச்சு வச்சா கேக்கதுக்கு யாராலயும் முடியும். சும்மா இருந்து கேளுங்க."

"சும்மாவா?" அவர் முகம் வெளிறியது. ஆனாலும் சம்மணம் போட்டு நன்றாக உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி, உதடுகளை இறுக்கிக்கொண்டார். கிணற்றில் குதிக்கப்போகிறவர் மூச்சைப் பிடிப்பதுபோல் இருந்தது அது.

"கல்யாணமான வருஷம், ஆடி மாசம்" என்று அவள் ஆரம்பித்தாள், "நான் உங்கள விட்டுட்டுப் போயிட்டேன்."

அவருடைய உதடு துடித்தது. மூடிக்கொண்டார்.

"சேலைய எடுத்துப் பையில வச்சேன். நீங்க வாசல்ல தபால்காரர்கிட்டப் பேசிக்கிட்டு நின்னீங்க. உங்களத் தாண்டித்தான் போனேன். பஸ்ஸுல ஏறி முக்கூடல் வரைக்கும் போயிட்டேன். அங்க பஸ் நின்னுச்சு. எனக்குப் பசி. எறங்கி ஒரு சோடாவும் ரெண்டு ஆமவடையும்..."

"முக்கூடல்லயா? முக்கூடல் பஸ் ஸ்டாண்டுல அந்தக் கடை..." என்று பாய்ந்தவர், அவள் பார்த்த பார்வையில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஆமவடை தின்னேன். தின்னு முடிக்கதுக்குள்ள நான் ஏறுன பஸ் போயிட்டு. அடுத்த பஸ் எங்க அம்மா ஊருக்கில்ல, அம்பாசமுத்திரத்துக்கு வந்துச்சு. ஏறிட்டேன். ஏன் ஏறுனேன்னு எனக்கு இன்னும் தெரியல. பொழுது சாயுததுக்குள்ள வந்து எறங்குனேன். நீங்க வாசல்ல அதே தபால்காரர்கிட்டப் பேசிக்கிட்டு நிக்கீங்க. என்னப் பாத்து 'வந்துட்டியா, இதக் கேளு'ன்னு மேக்கொண்டு சொன்னீங்க."

அண்ணாச்சியின் கண்கள் நிறைந்துவிட்டன. அவர் தலையாட்டினார். வடிவுக்கு நெற்றியில் வேர்வை வழிந்தது, பக்கத்தில் கிடந்த விசிறியை எடுத்து விசிறிக்கொண்டே, அந்த பஸ்ஸில் ஜன்னலோரத்தில் தான் என்னென்ன யோசித்துக்கொண்டு வந்தாள் என்பதைச் சொல்ல ஆரம்பித்தாள், சொல்லச் சொல்ல விசிறியை அவர் வாங்கிக்கொண்டு அவளுக்கு விசிறினார், நடுவில் ஒருமுறை "அய்யோ" என்றார், மற்றபடி "ம்" மட்டும் கொட்டிக்கொண்டிருந்தார்.

வேலிப்பக்கத்திலிருந்து பிரமாச்சி அக்காவின் தலை ஜன்னலில் தெரிந்தது.

"ஏ வடிவு, கரண்ட் போயி எவ்வளவு நேரமாச்சு, அங்கயும் இல்லல்லா?" என்று கேட்டவள், உள்ளே பார்த்து வாயைப் பிளந்தாள். கூடத்துக் காற்றாடி அசையாமல் தொங்கியது. ரூட்டரில் ஒரு விளக்குகூட எரியவில்லை. "ஏ, அண்ணாச்சிக்கு எப்படிக் கை ஆடுது?"

வடிவு திடுக்கிட்டுக் காற்றாடியைப் பார்த்தாள், ரூட்டரைப் பார்த்தாள், ஹாட்ஸ்பாட் போடாமல் கிடந்த தன் ஃபோனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அண்ணாச்சி விசிறுவதை நிறுத்தவில்லை.

"பிரமாச்சி, செத்த நேரம் சும்மா இருங்க" என்றார். "அவ சொல்லி முடிக்கட்டும்."